கை எடுத்தால் நிற்கவேண்டும்: வன்னியில் வீட்டில் மின்னிசைக் கருவி கட்டுவது

ஜனவரி 11, கேள்வி

வட இலங்கையில் வன்னியின் மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்: "போனில் வீணையும் இருக்கு, சின்தசைசரும் இருக்கு. காசும் இல்லை. பிறகு எதற்கு ஐசி வாங்கி, ஈயம் வைத்து, விரல் சுட்டு, கடைசியில் 'கீ' என்று ஒரு சத்தம் எடுப்பது? அதுவும் ஒரு ரெசிஸ்டருக்குக்கூட யாழ்ப்பாணம் போகவேண்டிய இடத்தில் இருந்துகொண்டு? காரணம் தெரிந்தவர் சொல்லுங்கள்."

ஜனவரி 11, இரவு

போன் கண்ணாடியை மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் அநேகமாக ஒரே சத்தம்தான். எங்கள் கோவில்களில் உடுக்கு அடிப்பவரின் இடக்கையைப் பாருங்கள். நடுவில் ஓடும் கயிற்றை இறுக்கினால் சத்தம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். பாட்டு உருவேற உருவேற அந்தக் கையும் இறுகும். அதுதான் எனக்குக் கருவி. மின்சாரத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்றால் கட்டித்தான் ஆகவேண்டும், எங்கள் பக்கத்துக் கடைகளில் விற்பதில்லை.

சத்தம் எடுப்பது அரை மணி நேர வேலை. அந்தச் சத்தம் கைக்குப் பதில் சொல்லும்படி செய்வதற்குத்தான் மாதக்கணக்கு.

ஜனவரி 12

தொடங்க விரும்புகிறவர்களுக்கு. சிடி40106 என்ற ஐசி ஒன்று. பதினான்கு கால், உள்ளே ஆறு ஸ்மிட் இன்வேர்ட்டர், அதாவது உள்ளே வருவதைத் தலைகீழாக்கி வெளியே விடும் சின்னச் சுற்று. ஒவ்வொன்றும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டருடன் தனி ஒலி தரும். ஆகவே ஒரு ஐசியில் ஆறு குரல்.

14ஆம் காலுக்கு 9 வோல்ட் பற்றறியின் நேர்முனை, 7ஆம் காலுக்கு எதிர்முனை. 1ஆம் காலுக்கும் எதிர்முனைக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபரட். 1க்கும் 2க்கும் நடுவில் 100 கிலோஓம். சத்தம் 2ஆம் காலில் வரும், நூறு ஹெர்ட்ஸ் அளவில். பயன்படுத்தாத உள்வாய்களை, அதாவது 3, 5, 9, 11, 13 ஆகியவற்றை எதிர்முனையோடு கட்டிவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் ஐசி கண்டபடி துடிக்கும், பற்றறியும் வீணாகும்.

இதை நேராக ஸ்பீக்கரில் மாட்டாதீர்கள். நடுவில் ஒலியைப் பெருக்கும் ஐசியான எல்எம்386 வேண்டும். 40106 தருவது பற்றறி உயரத்துக்கு ஒரு சதுர அலை. எல்எம்386க்கு அரை வோல்ட்டே அதிகம். அதனால் 0.1 மைக்ரோஃபரட் ஒன்று, அதன் பின் 220 கிலோஓம் ஒன்று, பிறகு 10 கிலோஓம் வொலியூம், அதிலிருந்து எல்எம்386.

இப்போது அந்த 100 கிலோஓமை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒளி பார்க்கும் எல்டிஆர் வையுங்கள், வெளிச்சம் கூடினால் தடை குறையும் ரெசிஸ்டர். கையின் நிழல் விழுந்தால் சுரம் இறங்கும், ரோச் அடித்தால் ஏறும். ஆனால் எங்கள் மத்தியான வெயிலில் எல்டிஆரின் தடை சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். அப்போது ஒலி 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டி, காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். கருவி செத்துவிட்டது என்று நினைத்துப் பிரிக்கத் தொடங்குவார்கள். எல்டிஆரோடு தொடராக ஒரு 4.7 கிலோஓம் போட்டால் மேலெல்லை சுமார் இரண்டாயிரம் ஹெர்ட்ஸில் நிற்கும். வெளிநாட்டுக்காரர் போடும் படங்களில் இந்த ரெசிஸ்டர் பல இடங்களில் இருக்காது. அவர்களுடைய வெயில் வேறு.

ஜனவரி 14

சாமான் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ரேடியோ, ரீவி திருத்தும் கடைகளில் கழித்துப் போட்ட பலகைகள் மூலையில் கிடக்கும். கேட்டால் தருவார்கள். ஸ்பீக்கர், டயோட், வொலியூம், வயர் எல்லாம் அதிலேயே வரும். ஐசி மட்டும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து தபாலில் எடுங்கள். ஒன்றாக எடுக்காமல் பத்தாக எடுங்கள். நண்பர்கள் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெட்டி ரீவியைத் திறக்கவேண்டாம். நிறுத்தி நெடுநேரமானாலும் படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும். கணினியின் மின்வழங்கிப் பெட்டிக்குள்ளும் பெரிய கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். திருத்துபவர் பிரித்துத் தந்ததை மட்டும் வாங்குங்கள். இந்த இழையில் வரும் எல்லாக் கருவியும் பற்றறியிலோ சைக்கிள் டைனமோவிலோதான் ஓடும். சுவரில் இருக்கிற 230 வோல்ட் பக்கம் யாரும் போகவேண்டாம்.

ஜனவரி 15

பொங்கலுக்குப் பொங்கிவிட்டு வந்து பார்த்தால், ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி 74எச்சி14ஐ 9 வோல்ட்டில் மாட்டி, சிப் சுட்டுப்போச்சு என்று எழுதியிருக்கிறார். கால் வரிசை 40106 போலவேதான். வேலையும் அதேதான். ஆனால் 74எச்சி14க்கு 6 வோல்ட் வரைதான். 40106க்கு 3 முதல் 15 வரை. 74எச்சி14 மட்டும்தான் கிடைக்கிறது என்றால் பென்டோர்ச் பற்றறி மூன்று போடுங்கள், 4.5 வோல்ட். நன்றாக வேலை செய்யும்.

ஜனவரி 19

"சைக்கிள் டைனமோவில் ஓடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நீளமாக எழுதப் போகிறேன்.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் கரண்டில் ரேடியோ கேட்போம். பெரியப்பா கதிரையில் இருந்து பிபிசி தமிழோசை கேட்பார், சுற்றுவது பிள்ளைகள். டைனமோ தருவது ஆடலோட்டம். அதனால் நாலு டயோட்டும் ஒரு பெரிய கப்பாசிட்டரும் வைத்து நேரோட்டமாக்கித்தான் ரேடியோவுக்குக் கொடுப்பது. கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கரகரத்துக் கீழே போகும், பெரியப்பா கத்துவார், மறுபடி சுற்றுவோம்.

அந்த வயதில் எனக்குள் ஒட்டிக்கொண்டது கப்பாசிட்டர் இல்லாத ஒரு நாளின் சத்தம். கப்பாசிட்டர் போய்விட்டது, வேறு இல்லை. அப்படியே மாட்டினார்கள். குரலுக்குப் பின்னால் ஒரு மூச்சு இழுப்பு, சுற்றும் வேகத்தோடு ஏறி இறங்கியது. எல்லோரும் செய்தி கேட்க, நான் அதைக் கேட்டேன்.

பல வருடம் கழித்து ஒரு டைனமோவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சுழலும் காந்தத்துக்கு எட்டு முனை. அதாவது ஒரு சுற்றுக்கு நாலு அலை. ரயரில் உரசும் தலை சுமார் 2 சென்ரிமீற்றர் விட்டம், சுற்றளவு 6.3 சென்ரிமீற்றர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ரயர் ஒரு விநாடிக்கு 4.2 மீற்றர் ஓடும், தலை 66 முறை சுற்றும். நாலால் பெருக்கினால் 265 ஹெர்ட்ஸ் அளவு. ஒரு கட்டை ஸட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ். நிதானமாகச் சைக்கிள் ஓடினால் டைனமோ ஏறத்தாழ ஒரு கட்டையில் பாடுகிறது! 22 அல்லது 23 கிலோமீற்றரில் பஞ்சமம். 30ல் மேல் ஸட்ஜம், அதற்கு நல்ல கால் வேண்டும்.

மாட்டும் விதம்: முன்விளக்கு பல்பைக் கழற்றவேண்டாம். பல்பு பாரமாக இருந்தால்தான் வோல்ட் 6ஐ ஒட்டி அடங்கியிருக்கும். பல்பு இல்லாமல் வேகமாக ஓடினால் அது பல மடங்கு ஏறும். பல்புக்கு இணையாக 47 ஓம், 1 வோட் ரெசிஸ்டர், அதனோடு தொடராக 8 ஓம் சின்ன ஸ்பீக்கர். ஐசி இல்லை, பற்றறி இல்லை. மிதித்தால் பாடும், நின்றால் நிற்கும். ரயர் தேய்ந்த இடம் டைனமோவில் படும்போதெல்லாம் சுரம் ஒரு கணம் அசையும். உங்கள் சைக்கிளின் ரயர் எப்படியோ, அப்படித்தான் உங்கள் பாட்டும்.

ஜனவரி 20

மேலே ஒன்றைச் சேர்க்கவேண்டும். எல்லா டைனமோவிலும் எட்டு முனை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். தலையின் விட்டமும் தேயத் தேய மாறும். ஆகவே 265 உங்களுக்கு 250 ஆகவும் வரலாம். போனில் சுருதி பார்க்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். போனுக்கும் இங்கே வேலை இருக்கிறது, மல்லாவித் தம்பி சந்தோஷப்படட்டும்.

ஜனவரி 27

முல்லைத்தீவுப் பக்கம் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார், விடிய விடிய நிற்கிற சுருதிப்பெட்டி ஒன்று செய்து தரச்சொல்லி ஆள் அனுப்பினார். கோவலன் கூத்து ஆடும் ஆட்கள். கடையில் விற்கும் மின் சுருதிப்பெட்டி அவர்களிடம் இருந்திருக்கிறது, மழையில் நனைந்து போய்விட்டது. சரி, 40106ல் ஸட்ஜமும் பஞ்சமமும் போடலாம் என்று இறங்கினேன். சின்ன வேலை மாதிரித் தெரிந்தது, உள்ளே போகப் போக விரிந்துவிட்டது.

முதலாவது, பற்றறி இறங்க இறங்கச் சுருதியும் நகரும். ஸ்மிட் இன்வேர்ட்டர் திரும்பும் புள்ளிகள் வோல்ட்டோடு சேர்ந்து மாறுவதால் அப்படி. விடியப்புறம் கண்ணகி வழக்குரைக்கும் நேரத்தில் சுருதி வேறு எங்கோ நிற்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றறியிலிருந்து, வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் 7809 போட்டு எல்எம்386க்கு 9 வோல்ட், அதிலிருந்து அதே வேலை செய்யும் 78எல்05 போட்டு 40106க்கு 5 வோல்ட். ஒரு இரவுக்குத் தாராளம்.

இரண்டாவது, சூடு. பழுப்பு நிற வட்ட செராமிக் கப்பாசிட்டர்களில் மலிவான ரகம், வெப்பம் ஏறினால் தன் அளவிலிருந்து நிறைய விலகிவிடும். மேடையில் பெரிய விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் காதாலேயே கேட்கலாம். பச்சை நிற மைலார் கப்பாசிட்டர் போடுங்கள்.

மூன்றாவதுதான் என்னை நாட்கணக்கில் உட்கார வைத்தது. பஞ்சமம் என்பது ஸட்ஜத்துக்கு மூன்றுக்கு இரண்டு. 200 ஹெர்ட்ஸுக்கு 300. தம்புராவில் சேர்ப்பது எப்படி? எந்தச் சுரத்துக்குள்ளும் அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேற்சுரங்கள் மெல்ல ஒலிக்கும். ஸட்ஜத்தின் மூன்றாவது மேற்சுரமும் பஞ்சமத்தின் இரண்டாவது மேற்சுரமும் 600ல் சந்திக்கும். பஞ்சமம் 301ல் நின்றால் 600க்கும் 602க்கும் நடுவில் விநாடிக்கு இரண்டு அலைப்பு, அதாவது ஒலி இரண்டு முறை கூடிக் குறையும். அலைப்பு நிற்கும் இடத்தில் சேர்ந்தது. ஆனால் சரிபாதிச் சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள்தான் உண்டு. இரண்டாவது கிடையாது. அப்போது எதோடு எதைச் சேர்ப்பது? 40106 கச்சிதமான சரிபாதி தருவதில்லை என்பதால் மெல்லிசாக ஓர் அலைப்பு கேட்கும். அண்ணாவியாரின் காது போதும், என் காது போதாது.

வழி இருக்கிறது. 100 கிலோஓமுக்கு இணையாக ஒரு 1என்4148 டயோடும் அதோடு தொடராக 4.7 கிலோஓமும். டயோட் மின்சாரத்தை ஒரு பக்கம்தான் விடும், அதனால் கப்பாசிட்டர் ஒரு பக்கம் சட்டென்று, மறுபக்கம் மெதுவாக. அலை ஒல்லியான துடிப்பாக மாறும். அதில் இரட்டைப்படை மேற்சுரமும் வரும். சுரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆகவே கப்பாசிட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒலியும் மூக்கால் பாடுவது போலாகும், தம்புராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில். டயோட் போட்ட பிறகு சேர்ப்பது சுலபமாகிவிட்டது. சுருதி திருப்ப சாதாரண வொலியூம் வேண்டாம், தடையை நுணுக்கமாக மாற்ற, பல சுற்றுச் சுற்றுகிற சின்ன நீல ட்ரிம்மர் வாங்குங்கள்.

பிப்ரவரி 2

இந்தச் சத்தத்தால் பன்றி விரட்டலாமா என்று வயல்காரர் ஒருவர். கொஞ்ச நாளைக்கு ஓடும், பிறகு பழகிவிடும். யானைக்கு இதை நம்பி யாரும் இரவில் வயலுக்குப் போகவேண்டாம். யானை தங்களுக்குள் பேசுவதில் ஒரு பகுதி 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே. எங்கள் கைப்பிடி அளவு ஸ்பீக்கர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

பிப்ரவரி 3

இது வேறு விஷயம். எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

சுருதிப்பெட்டியைச் சோதிக்க ஒரு பின்னேரம் முற்றத்தில் வைத்து ஓடவிட்டேன். தாழ்ந்த ஒலி, நிற்காமல். வேலிக்கு அங்கால் இருந்து மாமி வந்து, "தம்பி, அதை நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். அவர் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. 2008, 2009ல் இங்கே இருந்தவர்களுக்கு வானத்தில் நாள்முழுக்க இரைந்துகொண்டிருந்த 'வண்டு' ஞாபகம் இருக்கும். ஆளில்லா வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர். இரைச்சல் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

வேறு ஊர்களில் மின்னிசைக் கருவி கட்டுகிறவர்கள் முடிவில்லாத இரைச்சலை அழகென்று கொண்டாடுகிறார்கள். அவர்கள் கொண்டாடட்டும். நான் இருக்கும் ஊரில் வேலிக்கு அங்கால் ஒரு மாமி இருக்கிறார். அன்றிலிருந்து நான் கட்டும் எதுவும் தானாக ஓடிக்கொண்டிருக்காது. கை வைத்தால் வரவேண்டும், கை எடுத்தால் நிற்கவேண்டும். கூத்துக்காரரின் பெட்டி மட்டும் விலக்கு. அது அவர்களுடைய மேடைக்கு. அதிலும் பெரிய ஆளி (சுவிட்ச்) ஒன்றை முன்னால் வைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 5

மேலே சொன்னதைச் செய்ய இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. 40106ல் 1க்கும் 2க்கும் நடுவில் ரெசிஸ்டரே வைக்காதீர்கள். இரண்டு காலிலிருந்தும் இரண்டு வயர், இரண்டு பித்தளைத் திருகாணி, ஒரு விரல் அகல இடைவெளி. கப்பாசிட்டரை 0.01 மைக்ரோஃபரட்டுக்குக் குறையுங்கள். விரலை இரண்டிலும் சேர்த்து வைத்தால் உங்கள் தோல்தான் ரெசிஸ்டர். தோலின் தடை ஐந்து லட்சம் ஓம் அளவில் இருந்தால் 200 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி வரும். அழுத்தினால் தோல் அதிகம் படும், தடை குறையும், சுரம் ஏறும். உடுக்குக் கயிற்றை இறுக்குவது எப்படியோ அப்படி. விரல் வியர்த்திருந்தால் ஒரு சுரம், காய்ந்திருந்தால் வேறு. விரலை எடுத்தால் அமைதி.

ஆறு சோடி ஆணி வைத்தால் ஆறு குரல். பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் ஓர் ஆணி, மற்றவர் மற்ற ஆணி, இருவரும் கையைக் கோர்த்தால் பாடும். விட்டால் நிற்கும். இந்தக் கருவியை எந்தச் சார்ஜரோடும் இணைக்கவேண்டாம், பற்றறி மட்டும்.

இதை நான் பால்பேணியில் கட்டினேன். ஸ்பீக்கரைக் காற்றில் திறந்தபடி விடாதீர்கள். முன்னால் போகும் அலையைப் பின்னால் வரும் அலை அழித்துவிடும், தாழ்ந்த ஒலி முழுதும் போய்விடும். பேணி போதும். மண்முட்டியின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, களிமண்ணால் சுற்றிப் பூசி, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டது இன்னும் நல்லது. முட்டிக்கென்று ஒரு சுரம் உண்டு. அந்த இடம் வரும்போது ஒலி தடித்து எழும்பும்.

பிப்ரவரி 9

தொடாமலே கையை அசைத்து வாசிக்கும் தெரமின் என்ற கருவி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ரஷ்யாவில் லெவ் தெரமின் 1920 அளவில் செய்தது, அமெரிக்கக் காப்புரிமை 1928ல். காதுக்கு எட்டாத இரண்டு அதிர்வுகள், ஒன்றை அருகில் வரும் கை மாற்றும், வித்தியாசம் மட்டும் கேட்கும். கட்டலாம். ஆனால் கைக்கு எதுவும் தட்டுப்படாது. எனக்கு ஏதாவது ஒன்றைத் தொட்டு இறுக்கவேண்டும். அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 16

பட்டக்காலம் முடியுமுன் இதைச் செய்யுங்கள். பட்டத்தில் கட்டும் விண் எல்லோருக்கும் தெரியும். வில்லாக வளைத்த தடியில் நாரை இழுத்துக் கட்டினால் காற்றில் கூவும். முன்பு பனை நார், இப்போது பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடா. அந்த வில்லின் முதுகில், அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பியெசோ வட்டை ஒட்டுங்கள். பழைய பாடும் பொம்மையில், மணிக்கூட்டில் இருக்கும் மெல்லிய பித்தளை வட்டு. ஈயத்தைச் சட்டென்று வையுங்கள், சூடு நீடித்தால் வெள்ளைப் பூச்சு செத்துவிடும்.

இதையும் நேரே எல்எம்386ல் மாட்டினால் ஒலி மெலிந்துபோகும். பியெசோ 20 நானோஃபரட் அளவு கப்பாசிட்டர் மாதிரி. எல்எம்386ன் உள்வாய் 50 கிலோஓம். இரண்டும் சேர்ந்து 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடும். விண்ணின் அடிக்குரல் அங்கேதான் இருக்கிறது. நடுவில் டிஎல்072 என்ற இன்னொரு பெருக்கி ஐசி போட்டு, உள்வாயில் 1 மெகாஓம் வையுங்கள். வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

நான் விண்ணைச் சைக்கிளின் கைபிடியில் கட்டி, பின்னால் டைனமோ ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு இரணைமடு அணைக்கட்டில் ஓடினேன். குளத்துக் காற்று எதிரில். மிதிக்க மிதிக்க டைனமோ ஏறும், விண் காற்றைப் பொறுத்துத் தன்பாட்டில் கூவும். காற்று கூடினால் மிதிக்கக் கஷ்டம், டைனமோ இறங்கும், விண் ஏறும். ஒன்றை உயர்த்தினால் மற்றது தாழ்கிறது. இதைப் போனில் பதிந்தேன், பதிவில் பாதிகூட இல்லை. கால் நோவு அதில் வராதே.

பிப்ரவரி 18

ஒட்டுசுட்டான் தம்பி திரும்ப வந்திருக்கிறார், இந்த முறை 40106ஓடு. ஒரே சிப்பில் இரண்டு குரல் வைத்தால், சுரங்கள் பக்கத்தில் வரும்போது ஒன்றை ஒன்று இழுத்துப் பூட்டிக்கொள்கிறதாம். உண்மைதான், மின்வழி இரண்டுக்கும் பொது என்பதால் ஒன்றின் அசைவு மற்றதுக்குத் தெரியும். 14க்கும் 7க்கும் நடுவில், சிப்பை ஒட்டியபடி 0.1 மைக்ரோஃபரட் வையுங்கள். பற்றறியின் நேர்முனைக்கும் 14க்கும் நடுவில் ஒரு 100 ஓம், அதன் பின் 100 மைக்ரோஃபரட் ஒன்று. எல்எம்386க்கு வேறு வயரில் மின்சாரம் கொடுங்கள். அப்படியும் பூட்டினால் இரண்டாவது குரலை அடுத்த சிப்புக்கு மாற்றுங்கள். ஆனால் மாற்றுமுன் பூட்டும் இடத்தில் விரலை வைத்துக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். சுரம் வர மறுத்து நின்று, சட்டென்று பிய்த்துக்கொண்டு மேலே போகும். நான் என் பேணியில் அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.